அக்கினி மூலையிலிருந்து வந்த சிரிப்பு

டைட்டஸ் தொட்டவத்த என்ற பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? சினிமா சரித்திரத்தில் ஈடுபாடு உள்ள சிலருக்குத் தெரிந்திருக்கலாம். இலங்கையிலிருந்து வந்து நம்மிடையே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள், "வாயில் நுழையாத பெயர்" என்று ஒதுக்கிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடக்கூடும். அவர்களைக் கொஞ்சம் பொறுக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். 2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ந் தேதி, தமது 82-வது வயதில் அந்த மனிதர் காலமானார். இலங்கையில் ஒரு தலைமுறைச் சிங்களக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர் அவர். கடலுக்கு இந்தப் பக்கத்தில், தச்சநல்லூரில், அவருடைய பெயரையும் பாஷையையும் அறியாத எங்களையும் சிரிக்க வைத்தார். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

கதையை எங்கள் ஆற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் விழுந்து, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே நடந்து போகிற நதிக்குத் தாமிரபரணி என்று பெயர். இலங்கைத் தீவுக்கும் ஆதியில் அதே பெயர்தான். அசோகனுடைய கல்வெட்டுக்களில் சோழர், பாண்டியர் முதலியோருக்குப் பிறகு 'தம்பபண்ணி' வருகிறது. கிரேக்கர்கள் அதைத்தான் 'தப்ரபேன்' என்று ஆக்கிக்கொண்டார்கள். ஆற்றின் பெயர் தீவுக்குப் போயிற்றா, தீவின் பெயர் ஆற்றுக்கு வந்ததா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். ஒரே பெயரை இரண்டு இடங்களுக்கு வைத்து வாழ்ந்தவர்கள் அந்நியர்களாக இருந்திருக்க முடியாது என்பது மட்டும் நமக்குப் போதும்.

அந்தப் போக்குவரவு பிற்காலத்திலும் நிற்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் போயிற்று. திருநெல்வேலிச் சீமையில் 'கொழும்புக் கடை' வைத்துப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். தேயிலைத் தோட்டத்துக்கு ஆளாகப் போனவர்கள் அதைவிட ஏராளம். சரக்கும் ஜனங்களும் போய்க்கொண்டிருந்த அந்தப் பாதையில், திரும்பி வந்தது குரல். 1925-ல் தொடங்கிய கொழும்பு வானொலி, 1949-ல் 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. 1967-ல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோருடைய குரல்களை எங்கள் பக்கத்து வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. டீக்கடையில் காலையில் பால் கொதிப்பதற்கு முன்னால் இலங்கை வானொலி கொதித்துவிடும்.

பிறகு வந்தது டி.வி.

சென்னையில் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொலைக்காட்சி நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் சென்னைக் கோபுரத்தின் கை செங்கற்பட்டைத் தாண்டி எத்தனை தூரம் நீளும்? திருநெல்வேலிக்காரர்களைப் பொறுத்தமட்டில், டி.வி. என்பது பட்டணத்துக்குப் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்கும் அதிசயமாகவே இருந்தது. 1982-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, ஜப்பான் தேசத்தார் கொடுத்த உதவியைக் கொண்டு, இலங்கை அரசாங்கம் 'ரூபவாஹினி' என்ற நிலையத்தைத் தொடங்கிற்று. அதன் ஒளிபரப்புக் கோபுரத்தைக் கொண்டுபோய் அந்தத் தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதாலகாலையின் உச்சியில் நட்டார்கள். அதன் உயரம் 2,524 மீட்டர்.

அங்கிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கணக்குப்படி பார்த்தால் அந்த அலை இவ்வளவு தூரம் வரக்கூடாது. டி.வி. அலை நேர்கோட்டில் போவது, பூமியோ வளைந்திருக்கிறது. பாதித் தூரத்திலேயே அது ஆகாயத்தில் ஏறிப் போய்விட வேண்டும். ஆனால் நடுவில் கடல் இருக்கிறது. கடலின் மேல் ஈரக் காற்றும், அதற்கு மேல் உலர்ந்த வெப்பக் காற்றும் அடுக்காகப் படிந்துகொள்ளும்போது, அலை மேலே போக முடியாமல் வளைந்து, குழாய்க்குள் ஓடும் தண்ணீர் மாதிரி கடலோடு ஒட்டியே ஓடி வந்துவிடுகிறது. இது விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம். எங்கள் தெருவில் இதற்கு வேறு விளக்கம் இருந்தது: "இன்னைக்குக் காத்து நல்லா இருக்கு, படம் தெளிவா வரும்." இரண்டும் ஒன்றுதான்.

தச்சநல்லூர், பெயரிலேயே தச்சரைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர். 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. நான் சொல்லும் காலத்தில் அது தனிப் பேரூராக, வயலும் வாய்க்காலுமாக இருந்தது. டி.வி. வாங்கிய வீடுகளை அடையாளம் கண்டுபிடிப்பது சிரமமே அல்ல. மாடியில் மூன்று நான்கு இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் மீன் முள் மாதிரி ஆன்டெனாவைக் கட்டி, நான்கு பக்கமும் கம்பி இழுத்து நிறுத்தியிருப்பார்கள். எல்லா ஆன்டெனாவும் தென்கிழக்கை, அதாவது அக்கினி மூலையைப் பார்த்தே இருக்கும். வாஸ்து சாஸ்திரப்படி அடுப்பு இருக்கவேண்டிய மூலை அது. எங்களுக்கு அந்த மூலையிலிருந்துதான் படம் வந்தது.

படம் வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அது வருவதற்கு ஒருவன் மாடியில் நிற்க வேண்டும், ஒருவன் முற்றத்தில் நிற்க வேண்டும், ஒருவர் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"ஏலே, இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்பு!"

"இப்பம் தெரியுதா அண்ணாச்சி?"

"புள்ளி புள்ளியாத் தெரியுது. போதும், போதும், கைய எடுத்துராத!"

அந்தப் புள்ளி மழைக்குள்ளே ஒரு நாள் ஒரு குட்டை மனிதர் தோன்றினார். தலையில் உயரத் தொப்பி. பக்கத்தில் ஒரு கிளி, ஒரு நாய், ஒரு பன்றிக்குட்டி. அவரிடம் மிருகங்கள் பேசின. அவர் மிருகங்களிடம் பேசினார். எல்லோரும் பேசியது சிங்களம். எங்களில் ஒருவருக்கும் ஓர் எழுத்து விளங்கவில்லை. ஆனாலும் தெருக் குழந்தைகள் அத்தனை பேரும் அந்த வீட்டுத் திண்ணையிலும் நடையிலும் நிறைந்திருந்தோம். எங்களோடு உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், "என்னலே சொல்லுதாரு அந்த டாக்டரு?" என்று கேட்பார். ஆளுக்கு ஒரு கதை சொல்லுவோம். கிளி வைத்தியரை வைகிறது என்பான் ஒருவன். பன்றிக்குப் பசி என்பாள் ஒருத்தி. ஆச்சி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். இப்படியாக, அந்தப் படத்துக்கு வாரந்தோறும் தச்சநல்லூரில் இலவசமாகத் தமிழ் வசனம் எழுதப்பட்டு வந்தது.

அதற்குச் சிங்களத்தில் வசனம் எழுதி உயிர் கொடுத்தவர்தான் டைட்டஸ் தொட்டவத்த.

அவர் குழந்தைகளுக்காகவே பிறந்து, குழந்தைகளுக்காகவே வேலைக்கு வந்தவர் அல்லர். சினிமாவில் படத்தொகுப்பாளர், வெட்டி ஒட்டுகிறவர். சிங்களச் சினிமாவின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய இடம் விளங்கும். முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947-ல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்ட இடம் கொழும்பு அல்ல, மதுரை. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். அதற்குப் பிறகும் பல வருஷங்கள் சிங்களப் படங்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில், நம் பக்கத்து மெட்டுக்களோடும் நம் பக்கத்து நாடக பாணியோடும்தான் உருவாகிவந்தன. 'எங்கள் கிராமம் எங்கே? எங்கள் வெயில் எங்கே?' என்று அங்குள்ள இளைஞர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அரசாங்கத் திரைப்படப் பிரிவில் வேலை பார்த்துவந்த மூன்று பேர் அந்த வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார்கள். டைரக்டர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், காமிராக்காரர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ். மூவருமாகச் சேர்ந்து ஸ்டூடியோவின் செட்டுகளை விட்டு, கிராமத்து வெளிச்சத்தில் எடுத்த படம் 'ரேகாவ'. 1956-ல் வெளிவந்த அது, மறு வருஷம் பிரான்சு தேசத்தின் கான் விழாவுக்குப் போயிற்று. ஒரு கிராமத்துப் பையனும் பார்வை இழந்த ஒரு சிறுமியும்தான் அதன் மையம்.

1956 என்ற வருஷத்தை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியதும் அந்த வருஷத்தில்தான். ஒரு பாஷை தன் முகத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டதும், அதே பாஷை பக்கத்துப் பாஷையின் முகத்தில் கதவைச் சாத்தியதும் ஒரே வருஷத்தில் நடந்தன. சரித்திரத்துக்கு இப்படிப்பட்ட குரூரமான வேடிக்கைகளில் விருப்பம் அதிகம்.

டைட்டஸ் பின்னால் தாமே படங்களை இயக்கினார். 1965-ல் 'சண்டியா' வந்தது. காமினி பொன்சேகா நடித்த அடிதடிப் படம். பெயரைக் கேட்டதும் நம் ஊர்ச் 'சண்டியர்' நினைவுக்கு வருகிறாரல்லவா? 1979-ல் 'ஹந்தயா' என்ற சிறுவர் படத்தை எடுத்தார். சில குழந்தைகளையும் ஒரு மட்டக்குதிரையையும் வைத்துச் சிக்கனமாக எடுத்த அந்தப் படம், இத்தாலியில் நடந்த குழந்தைகள் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. மூன்று வருஷம் கழித்து ரூபவாஹினி பிறந்தபோது, ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் அங்கே போய்ச் சேர்ந்து, வெளிநாட்டுப் படங்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

குரல் கொடுப்பதில் என்ன பெரிய கலை இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. மொழிபெயர்த்து எழுதி வாசித்துவிட்டால் ஆயிற்று என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்த படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறோம். வெள்ளைக்காரக் குழந்தை, "ஓ, என் அன்பான தாயே!" என்று சொல்லும். எந்த வீட்டில், எந்தக் குழந்தை அப்படிப் பேசுகிறது?

டைட்டஸ் படத்தொகுப்பாளர் என்பது இங்கே பெரிய உதவியாயிற்று. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. எந்தப் படத்தில் வாய் மூடுகிறது, எந்தப் படத்தில் புருவம் ஏறுகிறது, எந்தப் படத்தில் வெட்டினால் சிரிப்பு வரும், அடுத்த படத்தில் வெட்டினால் ஏன் வராது என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்துக்கொண்டு பிழைப்பவர் அவர். மூல வசனத்தின் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, வார்த்தைகளை விட்டுவிட்டார். வாய் மூடும் இடத்தில் மூடுகிற எழுத்தைத் தேடிப் போட்டார். பாத்திரங்களுக்குப் பெயர்களைப் புதிதாக வைத்து, தெருவிலும் அடுப்பங்கரையிலும் பேசும் சிங்களத்தை அவற்றின் வாயில் வைத்தார். டாக்டர் டூலிட்டில், 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆனார். அதற்கு 'நல்ல மனசு டாக்டர்' என்று பொருள். நம்முடைய 'சித்தம்'தான் அங்கே 'ஹித' ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் 1940 முதல் காரட்டைக் கடித்துக்கொண்டு திரிந்த பக்ஸ் பன்னி என்ற முயல், 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. 'ஹாவா' என்றால் முயல். 'ஹரி' என்பது நம் 'சரி'யைப் போல. பெயரிலேயே சிரிப்பு இருக்கிறது. ஹாலிவுட்டில் பிறந்த முயல், சிங்களக் குழந்தைகளுக்குத் தங்கள் ஊர்த் தோட்டத்து முயலாகவே பட்டது என்றால், அதைவிட ஒரு மொழிபெயர்ப்பாளன் எதை விரும்ப முடியும்?

எங்களுக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை என்றேன். ஆனாலும் ஏன் பார்த்தோம்? வேறு நிலையம் கிடையாது என்பது ஒரு காரணம். ஆனால் அதே ரூபவாஹினியில் செய்தி வந்தபோதும், சொற்பொழிவு வந்தபோதும் நாங்கள் எழுந்து விளையாடப் போய்விட்டோமே! டாக்டர் வந்தால்தான் உட்கார்ந்தோம். அந்தப் பேச்சில் ஒரு தாளம் இருந்தது. கோபம் எது, கேலி எது, கொஞ்சல் எது என்பது காதுக்குத் தெரிந்தது. பாஷை தெரியாதவனுக்கும் பேச்சின் உயிர் தெரியும்படி எழுதுவதும் பேசவைப்பதும் சாமான்யமான காரியமா?

அந்த டாக்டர் டூலிட்டில் பிறந்த கதை இன்னும் விசேஷமானது. ஹியூ லாஃப்டிங் என்ற ஆங்கிலேயர் ஓர் என்ஜினீயர். முதல் உலக மகாயுத்தத்தில் சிப்பாயாகப் போய்ப் பதுங்கு குழியில் கிடந்தார். வீட்டிலிருந்த குழந்தைகள், கடிதத்தில் படம் போட்டு அனுப்பும்படி கேட்டார்கள். அவர் கண்ட காட்சிகள் குழந்தைகளுக்கு எழுதக் கூடியவையா? யுத்தகளத்தில் காயம்பட்ட மனிதனுக்கு வைத்தியம் உண்டு. காயம்பட்ட குதிரைக்குத் துப்பாக்கிக் குண்டுதான். குதிரையின் பாஷை தெரிந்த வைத்தியன் ஒருவன் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கடிதங்களிலிருந்து வளர்ந்த புத்தகம் 1920-ல் வெளிவந்தது. 1970-ல் அமெரிக்காவில் அதைச் சித்திரப் படத் தொடராக்கினார்கள். அதில் ஒரு கடற்கொள்ளைக்காரன் வருகிறான். மிருகங்களின் பாஷையைத் தெரிந்துகொண்டால் உலகத்தையே ஆண்டுவிடலாம் என்பது அவன் எண்ணம். டாக்டருக்கோ நோய் தீர்ப்பதற்குத்தான் பாஷை. பிறருடைய பாஷையைக் கற்பதற்கு உலகத்தில் இந்த இரண்டு காரணங்கள்தான் உண்டு போலும்.

யுத்தத்தின் நடுவே, யுத்தத்தைப் பற்றி எழுத மறுத்த ஒரு தகப்பன் உண்டாக்கிய டாக்டர், மற்றொரு யுத்தம் தொடங்கப் போகும் தீவுக்குள் வந்து இறங்கினார். 1981-ல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்தது. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. அகதிகள் படகுகளில் மண்டபத்துக்கும் இராமேசுவரத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் முகாம்கள் ஏற்பட்டன. ஊர் முழுவதும் ஊர்வலம், உண்டியல், உண்ணாவிரதம். ஆன்டெனாக்கள் மட்டும் அக்கினி மூலையையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு பெரியவர் டி.வி. வீட்டு வாசலில் நின்று, "அவனுவ பாஷையில என்னலே படம் வேண்டிக்கெடக்கு? அமத்துல!" என்று அதட்டினார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவிலுள்ள உறவினர் வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்து தங்கிற்று. தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். கடை சாம்பலாகிவிட்டது. அவர்களுடைய மகனுக்குப் பத்து வயதிருக்கும். அவனும் எங்களோடு டி.வி. பார்க்க வந்தான். சிறுவர் படம் தொடங்கிற்று. நாங்கள் சிரிப்பதற்கு முன்னால் அவன் சிரித்தான். நாங்கள் சிரிக்காத இடங்களிலும் சிரித்தான். பிறகு திடீரென்று வாயை மூடிக்கொண்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தான். ஆச்சி அவனைத் தம் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "நீ சொல்லு ராசா, அது என்ன சொல்லுது?" என்றார். அவன் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னான். நாங்கள் அதுவரையில் கற்பித்துக்கொண்டிருந்த கதைகள் எல்லாவற்றையும்விட அது வேடிக்கையாக இருந்தது.

வாசலில் நின்ற பெரியவர் அவனைப் பார்த்து, "ஒங்க கடைய எரிச்சவனுவ பாஷைதானலே இது?" என்று கேட்டார்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "எரிச்ச ஆக்களும் இந்தப் பாஷைதான் கதைச்சாங்க. எங்கள நாலு நாள் ஒளிச்சு வச்சிருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் இந்தப் பாஷைதான் கதைச்சாங்க."

பெரியவர் பதில் சொல்லவில்லை; போகவும் இல்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு மீதிப் படத்தைப் பார்த்தார்.

இதைக் கொண்டு நான் பெரிய தத்துவம் எதுவும் பேசப் போவதில்லை. முயலின் சிரிப்பு யுத்தத்தை நிறுத்தவில்லை. 2009 வரையில் அது நடந்தது. எண்ணிக்கையில் அடங்காதபடி ஜனங்கள் மாண்டார்கள். அந்த டாக்டரைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த சிங்களப் பிள்ளைகளில் சிலர், வளர்ந்து துப்பாக்கி பிடித்து வடக்கே போயிருக்கத்தான் வேண்டும். டைட்டஸ் எழுதியது சிங்களக் குழந்தைகளுக்காக. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ்க் குழந்தைக்கு அதே உரிமையோடு சொந்தப் பாஷையில் ஒரு டாக்டர் கிடைக்கவில்லை என்ற குறை இருக்கத்தான் இருக்கிறது. அதை ஒரு தனி மனிதர் மேல் சுமத்துவது தர்மம் ஆகாது. தமக்குத் தெரிந்த பாஷையில், தம் கையிலிருந்த வேலையை, குழந்தைகளை ஏமாற்றாமல் அவர் செய்தார். கத்தியைத் தீட்டுவதற்கு எத்தனையோ பேர் அந்தப் பாஷையைப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலத்தில், அதே பாஷையைக் கொண்டு குழந்தைகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாஷையைப் பற்றிச் சரித்திரம் தீர்ப்பு எழுதும்போது, இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் கணக்கு எப்படி? 1984-ல் நாட்டில் நாளொன்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு நிலையங்கள் முளைத்தன. கொடைக்கானல் மலையில் கோபுரம் வந்த பிறகு சென்னை நிகழ்ச்சிகளும் தென்பாண்டிக்குக் கிடைத்தன. ஆன்டெனாக்கள் அக்கினி மூலையை விட்டு வடக்கே திரும்பின. 'கண்மணிப் பூங்கா'வைப் பார்த்தோம். ஆனால் அயல்நாட்டுச் சித்திரப் படங்கள் அன்றாடம் தமிழ் பேசுவதற்கு நாம் வெகு காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2007-ல் சுட்டி டி.வி. வந்தது. அதில் ஜாக்கி சானும் அவருடைய சித்தப்பாவும் பேசிய தமிழைக் கேட்டு நம் வீட்டுப் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். இன்று அவர்கள் வளர்ந்து உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். இருந்தும் அந்த வசனங்களை மறக்கவில்லை. ஒரு பாஷை குழந்தைகளின் வாயில் உயிரோடு இருப்பதற்கு, எத்தனையோ மாநாட்டுத் தீர்மானங்களைவிட அந்த வசனங்கள் அதிகமாகவே உதவியிருக்கின்றன.

அவற்றை எழுதியவர்கள் யார்? அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. இலங்கையில் டைட்டஸ் தொட்டவத்த காலமானபோது, அவரைப் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ள வளர்ந்துவிட்ட குழந்தைகள் இருந்தார்கள். நம் குழந்தைகளைச் சிரிக்கவைத்தவர்களோ பெயரில்லாமல் எங்கோ வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தேடிப் பிடித்து ஒரு மாலை போட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், முதல் மாலை தச்சநல்லூரிலிருந்து வரும்.